நூலகத்தில் இலவசத் தொழில்நுட்ப வகுப்பு: எங்கே சறுக்குகிறது?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர் பக்கத்து நூலகங்களில் எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு தொடங்க நினைப்பவர்கள், கையிலிருக்கும் பணத்தை முதலில் பிளாஸ்டிக்கில் பொருள்களை அச்சிட்டுத் தரும் த்ரீடி பிரிண்டரில் போட்டுவிடுகிறார்கள். சின்னச் சாவிக்கொத்து ஒன்று அச்சாகவே அரை மணி நேரம் ஆகும். 12 பேருக்கு 6 மணி நேரம்! வகுப்போ 2 மணி நேரம்தான். ஒருவருடையது ஓடும்போது மற்றவர்கள் கைகட்டி நிற்பார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

அதைவிடக் குறைந்த செலவில் எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் 6 ஆர்டுயினோ ஊனோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் சர்க்யூட் கோக்கும் துளைப் பலகை), எல்.இ.டி. விளக்கு, இணைக்க ஜம்பர் வயர் எல்லாம் கிடைக்கும். இருவருக்கு ஒரு செட். மூவர் சேர்ந்தால் ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார்.

வாங்கியதும் நேராக வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். விலை குறைந்த ஊனோ போர்டுகள் பலவற்றில் யூ.எஸ்.பி. இணைப்புக்கு சி.எச்.340 சிப் இருக்கும்; அதற்கான டிரைவர் (சிப்பைக் கணினிக்கு அடையாளம் காட்டும் மென்பொருள்) இல்லாவிட்டால் கணினிக்குப் போர்டு தெரியவே தெரியாது. நூலகக் கணினியில் டிரைவர் ஏற்ற அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அது வகுப்பு நாளில் யாரிடமும் இருக்காது. சில யூ.எஸ்.பி. கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தரவு போகாது. போர்டில் விளக்கு எரிவதால் எல்லாம் சரி என்றே தோன்றும், பாதி வகுப்பு அதிலேயே போய்விடும். ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு கேபிளையும் சோதித்து, தேறியதில் பச்சை டேப் ஒட்டுங்கள். நிரல் எழுதும் மென்பொருளையும் அன்றே ஏற்றிவிடுங்கள், நூலக வைஃபையை நம்ப வேண்டாம்.

எல்.இ.டி.யை நேராகப் போர்டின் பின்னில் (வயர் செருகும் இணைப்பில்) செருக விடக்கூடாது. நடுவில் மின்னோட்டத்தைக் குறைக்கும் 220 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் சிவப்பு எல்.இ.டி.யில் ஏறக்குறைய 14 மில்லிஆம்பியர் ஓடும். அது இல்லையென்றால் எல்.இ.டி. கருகலாம், போர்டின் அந்தப் பின்னும் கெட்டுப்போகலாம். ரெசிஸ்டர் 50 வாங்குங்கள், தொலையும்.

பலர் கவனிக்காதது மொழி. இங்கே வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளில் பலர் படிப்பது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ. தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கவே தடுமாறுவார்கள். தமிழில் அச்சடித்த குறிப்பைக் கையில் கொடுத்தால் கூச்சத்தில் வாய் திறக்கமாட்டார்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும், குறிப்பு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அப்பா அம்மாவுக்கான நோட்டீஸைத் தமிழிலும் அடியுங்கள்.

மாலை 7 மணிக்கு வகுப்பு வைத்தால் பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்பமாட்டார்கள். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு, பிப்ரவரியிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஜூலையில் தொடங்கி ஜனவரிக்குள் முடியுங்கள்.

பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் பிள்ளைகள் படத்தை எங்கும் போடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோருமே குழந்தைகள்தான்.

பாதியில் நிற்கும் சர்க்யூட்டைப் பிரித்துப் பெட்டியில் கொட்டாதீர்கள். பெயர் எழுதிய டப்பாவில், வயர் கழற்றாமல், அப்படியே அலமாரியில் வையுங்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளை முதலில் தேடி வருவது அந்த டப்பாவைத்தான்.