திறப்பு விழாவுக்காகக் கட்டாதீர்கள்: ஆட்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் தெற்கே, அம்பாந்தோட்டை மாவட்டத்தின் மத்தளவில் 2013 மார்ச்சில் ஒரு சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 3,500 மீட்டர் ஓடுபாதை, ஆண்டுக்குப் பத்து லட்சம் பயணிகள் வந்துபோக இடவசதி. அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம் அது. நிலையத்துக்கும் அவர் பெயர்தான். பயணிகள்தான் வரவில்லை. சில ஆண்டுகளில் சரக்கு முனையத்தில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். 2016-ல் யானை, எருமைகளை ஓடுபாதைப் பக்கமிருந்து விரட்ட ராணுவத்தை இறக்க வேண்டியிருந்தது.

இங்கே நடந்த முதல் தவறு, தேவையைப் பார்க்காமல் இடத்தை முடிவு செய்தது. விமான நிலையம் வந்துவிட்டால் ஊர் தானாக வளர்ந்துவிடும் என்று நம்பினார்கள். யார் ஏறுவார்கள், எங்கே போவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அரசின் ஸ்ரீலங்கன் விமான நிறுவனம் நட்டத்தோடு சேவையை நடத்திப் பார்த்து, 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய கையோடு நிறுத்திக்கொண்டது. சரி, விமானம் நின்றால் கடனும் நின்றுவிடுமா? சுமார் 21 கோடி டாலர் செலவில் பெரும்பகுதி சீன எக்சிம் வங்கியின் கடன். திருப்பிக் கட்டியாக வேண்டியவர்கள் அந்த நிலையத்தில் ஒருநாளும் காலடி வைக்காத மக்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அடுத்தது, தேதிக்காக அவசரப்படுவது. சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் கட்டிய புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்தை 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். மேலே இருக்க வேண்டிய குவிமாடம் அப்போது முடிந்திருக்கவில்லை. சினிமா கலை இயக்குநரை வைத்து செட் போட்டுத்தான் விழா நடந்தது. மறு ஆண்டு ஆட்சி மாறியதும் தலைமைச் செயலகம் கோட்டைக்கே திரும்பியது. 2014-ல் அந்தக் கட்டடம் பல்நோக்கு மருத்துவமனையானது. மருத்துவமனை வந்தது நல்லதுதான், ஆனால் சட்டமன்றத்துக்கென்று கட்டியதை மறுபடி செலவழித்து மாற்ற வேண்டியிருந்தது. முடியும் முன்பே திறந்தவர்களையும், முந்தைய ஆட்சி கட்டியது என்பதால் காலிசெய்தவர்களையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன். திட்டம் ஒரு தலைவரின் அடையாளமாகிவிட்டால், அடுத்து வருபவருக்கு அதை ஒதுக்குவதே அரசியல் வேலையாகிவிடுகிறது.

அப்புறம் பராமரிப்பு. சின்ன ஊராட்சியிலும் இதே கதைதான். புது மேல்நிலைத் தொட்டியில் பெயர் பொறித்த கல்வெட்டு பளபளக்கும், கீழே மோட்டார் பழுதாகிக் கிடக்கும், குடத்தோடு பெண்கள் தெருக்கோடிக்கு நடப்பார்கள்.

அடிக்கல் நாட்டும் முன்பே, கட்டியபின் பத்து ஆண்டுக்கு ஆகும் மின்கட்டணம், சம்பளம், பழுதுச்செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை அரசு எழுத்தில் வெளியிட வேண்டும். அது இல்லாத திட்டத்துக்குச் சட்டமன்றம் நிதி ஒதுக்கக்கூடாது.