"ஒண்ணு என்ன விலைங்க?": வேவு ட்ரோன் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத் தளவாடங்கள் செய்வதற்கான பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் சேலமும் ஓசூரும் சேர்ந்ததிலிருந்து, நம் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர் பலருக்கும் ட்ரோன் பேச்சுதான். முதல் கேள்வியே "ஒண்ணு என்ன விலைங்க?" என்பதுதான். தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது.

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரரைக் கேட்டால் இது சட்டென்று விளங்கும். வடநாட்டில் போய் ஆறு மாதம் போர்வெல் போட வேண்டுமென்றால் ரிக் மட்டுமா கிளம்பும்? ராடும் டீசலும் ஏற்றிய இன்னொரு லாரி, டிரில்லர், ஆட்கள், சமையலுக்கு ஒருத்தர், தேய்ந்த பிட்டுக்கு மாற்று எல்லாம் சேர்ந்துதான் போகும், இதில் ஒன்று குறைந்தாலும் வண்டி படுத்துக்கொள்ளும். வெளிநாட்டில் வேவு பார்க்கிற ட்ரோனுக்கும் இதே கணக்குதான். ஒரே இடத்துக்கு மேலே 24 மணி நேரமும் பிரிடேட்டர் என்ற வேவு ட்ரோன் நிற்க, அமெரிக்க விமானப்படை 4 விமானமும் சுமார் 168 ஆட்களும் கணக்கு வைத்திருந்தது. ஆளில்லா விமானம் என்று பெயர் வைத்தவர் சம்பளப் பட்டியலைப் பார்த்ததில்லை போல.

அப்புறம் தொடர்பு. பூமி வளைந்திருப்பதால், தரையிலிருந்து நேராகப் போகும் ரேடியோ சுமார் 250 கிலோமீட்டரோடு நின்றுவிடும். 2024 மார்ச்சில் சோமாலியக் கொள்ளையர் பிடித்து வைத்திருந்த ரூயன் கப்பலை நம் கடற்படை மீட்டது இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தள்ளி, அதில் ஆளில்லா விமானத்துக்கும் பங்கு உண்டு. அவ்வளவு தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழி வேண்டும், அதற்கான செலவு மாதாமாதம் தனி. வரும் படத்தைப் பூட்டாமல் விட்டால் இன்னும் மோசம். ஈராக்கில் 26 டாலர் மென்பொருளை வைத்துக்கொண்டு பிரிடேட்டர் அனுப்பிய வீடியோவை எதிராளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது 2009இல் வெளியே வந்தது.

எனக்குப் பெரிய தவறாகத் தெரிவது, ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை வாங்கிவிட்டு "எங்களுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் மாற்றிக் கொடுங்கள்" என்று ஆரம்பிப்பது. பிரிட்டன் 2005இல் இஸ்ரேலின் ஹெர்மெஸ் 450ஐ அடிப்படையாக வைத்து வாட்ச்கீப்பர் என்று 54 ட்ரோன் கேட்டது. 2010 வாக்கில் வரவேண்டியது. அதில் இதைச் சேர், இந்த விதிக்கு ஏற்ற மாதிரி சான்றிதழ் வாங்கு என்று இழுத்துக்கொண்டே போய், ஆப்கானிஸ்தானுக்கு அது போய்ச் சேர்ந்தது 2014இல், படை மூட்டை கட்டுகிற நேரத்தில். சண்டை நடந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வேலை செய்தது எது தெரியுமா? மாற்றம் கேட்காமல் வாடகைக்கு எடுத்த அதே ஹெர்மெஸ் 450. வாட்ச்கீப்பர் முழுத் தகுதி பெற்றது 2018 கடைசியில், ஓரங்கட்டப் போவதாக அறிவித்தது 2024இல். நடுவில் சில விழுந்தும் நொறுங்கின. போன பணம் நூறு கோடி பவுண்டுக்கு மேல்.

ஜெர்மனிக்காரர் விழுந்த குழி வேறு. யூரோ ஹாக் என்ற வேவு ட்ரோனை வாங்கும்போது, மற்ற விமானங்கள் பறக்கிற வானத்தில் இதற்கு அனுமதி கிடைக்குமா என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் வாங்கவில்லை. 50 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்த பிறகு, அனுமதிக்கே இன்னும் அதே அளவு ஆகும் என்று தெரிந்து 2013இல் கைவிட்டார்கள். ஆர்.சி. புக் கிடைக்குமா என்று பார்க்காமல் பஸ் வாங்கிய கதை.

இந்தியா 2020இல் எம்.க்யூ-9பி என்ற அமெரிக்க வேவு ட்ரோன்கள் இரண்டை முதலில் வாடகைக்கு எடுத்து அரக்கோணத்திலிருந்து பறக்கவிட்டுப் பார்த்தது சரியான வழி என்றுதான் சொல்வேன். அதில் ஒன்று 2024 செப்டம்பரில் பழுதாகி வங்கக் கடலில் இறக்க வேண்டியதாகிவிட்டது, ஆனாலும் என் கருத்தில் மாற்றமில்லை. அடுத்த மாதமே 31 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள், பழுது பார்க்கும் வசதியை இங்கேயே அமைப்பதையும் சேர்த்து.

நம் பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று பாக்கி. 2025 பிப்ரவரியில், சீன பாகங்கள் இருப்பதாகச் சொல்லி 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்தது. அவை வேவு ட்ரோன் இல்லைதான், ஆனால் வேவு ட்ரோனுக்கு சோதனை இதைவிடக் கெடுபிடியாக இருக்குமே தவிர குறையாது. மோட்டாரோ சர்க்யூட் போர்டோ டீலரிடம் வாங்கும்போது, எந்த ஊரில் செய்தது என்று எழுத்தில் கேட்டு வாங்கி பில்லோடு சேர்த்து வையுங்கள்.