முதுநிலை நீட்: சட்டமும் சமுதாய மருத்துவமும் படிக்கும் முறை

மருத்துவ மேற்படிப்புக்கான முதுநிலை நீட் தேர்வுக்கு மருந்தியலையும் பொது மருத்துவத்தையும் இரண்டு முறை திருப்பி முடித்துவிட்டு, கடைசிப் பத்து நாளில் சட்ட மருத்துவத்தையும் சமுதாய மருத்துவத்தையும் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சமுதாய மருத்துவம் கற்பிக்கிறேன். மாலையில் ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்) சந்தேகம் கேட்க வருவார்கள். சீனியரிடமிருந்து கைமாறி வந்த ஜெராக்ஸ் கட்டு, அதன்மேல் மூன்று நிற மார்க்கர். "மேடம், இதெல்லாம் மனப்பாடம்தானே?" என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி.

ஓரளவு மனப்பாடம்தான். ஆனால் மதிப்பெண் பறிபோவது அங்கே இல்லை. நன்றாகப் படித்த பிள்ளைகள் கேள்வியைப் பாதி வாசித்ததுமே விடையைத் தொட்டுவிடுகிறார்கள். இந்தப் பாடங்களில் கேள்விக்குள் கிடக்கும் சிறு சொல்தான் விடையைத் தீர்மானிக்கும். நோயாளிக்கு என்ன வயது, கையெழுத்துப் போட்டது யார், அப்போது நினைவு இருந்ததா, சொல்லப்படும் எண் எத்தனை பேரில்? இதைப் பழக்கமாக்கிக்கொள்வதுதான் நான் சொல்லப்போகும் முறை.

முதல் வேலை: ஜெராக்ஸைத் திருத்துங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷ்ய அதினியம் வந்துவிட்டன. உங்கள் சீனியரின் குறிப்பில் இருக்கும் பிரிவு எண்களில் பெரும்பாலானவை இன்று செல்லாது. கட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் 304ஏ என்றிருந்தால் அடித்துவிட்டு 106(1) என்று எழுதுங்கள். சித்த சுவாதீனமின்மை 84 அல்ல, 22. போலீஸ் நடத்தும் மரண விசாரணை 174 அல்ல, 194. மரண வாக்குமூலம் 32 அல்ல, 26.

எண் மட்டும் மாறிய இடங்களைவிட உள்ளடக்கமும் மாறிய இடங்களே தேர்வாளருக்குப் பிடித்தவை. கொடுங்காயம் பழைய சட்டத்தில் 320, புதியதில் 116. அதோடு, 20 நாள் கடும் வலி அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமை என்றிருந்த அளவு 15 நாளாகக் குறைந்திருக்கிறது. 17 நாள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவரைப் பற்றிக் கேள்வி வந்தால், பழைய ஜெராக்ஸ் படித்தவர் 'சாதாரண காயம்' என்று குறித்துவிட்டு நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போவார். தற்கொலை முயற்சிக்கான 309 புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் நெருக்குவதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-இன் கீழ்க் குற்றம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-ஆம் பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

இன்னொரு கண்ணி: தேசிய மருத்துவ ஆணையம் புதிய தொழில்முறை நடத்தை விதிகளை 2023 ஆகஸ்டில் அறிவித்து, அதே மாதத்தில் நிறுத்திவைத்தது. ஆகவே நெறிமுறைக் கேள்விகளுக்கு 2002-ஆம் ஆண்டின் விதிகளே அடிப்படை. உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும்.

ஒப்புதல்: நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்

சட்டப் பகுதியில் நேரம் குறைவாக இருந்தால் ஒப்புதலை மட்டுமாவது முழுமையாகப் படியுங்கள். இதற்கு ஒரே ஒரு வழக்கை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும் என்பது என் கருத்து. 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கு அது.

நோயாளிக்கு வயது 44, மணமாகாதவர். லேப்பராஸ்கோப்பி மூலம் நோயறிவதற்கு ஒப்புதல் தந்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து தாயிடம் கையெழுத்து வாங்க, மருத்துவர் கருப்பையையும் இரு சூலகங்களையும் அகற்றிவிட்டார். நோயைப் பார்த்தால் அந்தச் சிகிச்சை நியாயமானதாகக்கூட இருக்கலாம். ஆனால் நீதிமன்றம் கேட்டது வேறு. நோயாளி வயது வந்தவர், முடிவெடுக்கும் திறன் உள்ளவர், தற்காலிகமாகத்தான் மயக்கத்தில் இருக்கிறார். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. அவர் கண் விழிக்கும்வரை காத்திருப்பதில் என்ன தடை? தாயின் ஒப்புதல் செல்லாது என்றது தீர்ப்பு. நோயறியும் சோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைச் சிகிச்சைக்கு நீளாது என்றும், ஒரு சிகிச்சைக்குத் தந்தது இன்னொன்றுக்கு ஆகாது என்றும் அதிலேயே இருக்கிறது.

இந்த வழக்கின் கதாபாத்திரங்களை மாற்றி மாற்றித்தான் பாதிக் கேள்விகள் வருகின்றன. தாய்க்குப் பதில் கணவர் வருவார், மயக்கத்துக்குப் பதில் குடிபோதை வரும். ஒரு மாதிரி பாருங்கள்: 23 வயதுப் பெண், 9 வாரக் கர்ப்பம், கலைக்க விரும்புகிறார், கணவர் துபாயில் இருக்கிறார், மாமியார் உடன் வந்திருக்கிறார், யாருடைய ஒப்புதல் வேண்டும்? துபாயும் மாமியாரும் உங்களைத் திசைதிருப்ப வந்தவர்கள். அந்தப் பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும். நம் மருத்துவமனைகளில் கணவரின் கையெழுத்தை வழக்கமாகவே கேட்கிறார்கள், வார்டில் அதைப் பார்த்துப் பழகியவர்கள் தேர்விலும் அதையே குறிக்கிறார்கள். வார்டு வழக்கம் வேறு, சட்டம் வேறு.

இதே பெண்ணுக்கு வயது 17 என்று ஓர் எண் மாறினால் எல்லாம் மாறும். காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் தர வேண்டும். சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் சிறுமியின் அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணமாகாத பெண்களுக்கும் 20 முதல் 24 வாரம் வரையான வாய்ப்பு உண்டு என்றதும் அதே தீர்ப்புதான். வார எண் வந்தால் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம்: 20 வரை ஒரு மருத்துவர், 20 முதல் 24 வரை குறிப்பிட்ட பிரிவினருக்கு இரு மருத்துவர்கள், அதற்கு மேல் கருவில் பெருங்குறை இருந்தால் மருத்துவ வாரியம்.

ஒருவர் தானே ஒப்புதல் தர, பொதுப் பரிசோதனைக்கு 12 வயது, அறுவைச் சிகிச்சைக்கு 18. இன்னொன்று, குற்றம் சாட்டப்பட்டவரும் பாதிக்கப்பட்டவரும் ஒரே தராசில் இல்லை. கைது செய்யப்பட்டவரைப் போலீஸ் அதிகாரி கேட்டுக்கொண்டால், தேவையான அளவு பலம் பயன்படுத்தியும் பரிசோதிக்கலாம் (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 51). பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அவர் ஒப்புதல் இல்லாமல் தொடவே கூடாது (184). சிகிச்சையை மட்டும் மறுக்கக் கூடாது. இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் நியாய சன்ஹிதா பிரிவு 200-இன் கீழ் ஓராண்டு வரை சிறை.

அலட்சியம், ரகசியம்

இவற்றை ஒரே மாலையில் முடித்துவிடலாம். 2005 ஜேக்கப் மேத்யூ வழக்கு: மருத்துவரைக் குற்றவியல் சட்டத்தில் இழுக்க அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், முடிவெடுப்பதில் சிறு பிழை நேர்ந்தால் போதாது. 1995 வி.பி.சாந்தா வழக்கு: கட்டணம் வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும், எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் மருத்துவமனை வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்தால், அந்த இலவச நோயாளியும் வழக்குப் போடலாம். 1989 பரமானந்த் கட்டாரா வழக்கு: விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு முதலில் சிகிச்சை, பிறகுதான் போலீஸ் சம்பிரதாயம். புதிய 106(1)-இல் பதிவு பெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை. 'சிறை அல்லது அபராதம்' என்ற பழைய சலுகை போய்விட்டது, அந்த 'உம்' விகுதியைக் கவனியுங்கள்.

ரகசியத்தில் எச்.ஐ.வி. கேள்வி நிச்சயம் வரும். துணைவரிடம் மருத்துவர் சொல்லலாமா? 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி சொல்லலாம், ஆனால் வரிசை உண்டு. முதலில் நோயாளிக்கு ஆலோசனை தர வேண்டும். அவராகச் சொல்ல மாட்டார் என்று உறுதியாக வேண்டும். 'நான் சொல்லப்போகிறேன்' என்று அவரிடம் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகுதான் துணைவரிடம் நேரில் சொல்லலாம். 'அடுத்து என்ன செய்வீர்கள்' என்று கேட்டால், இந்த வரிசையில் கேள்வி எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

கணக்கு: 1000 பேரை வரிசையில் நிறுத்துங்கள்

சூத்திரத்தை நினைவுபடுத்தும் முயற்சியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நான் வகுப்பில் சூத்திரம் எழுதுவதில்லை. கேள்வி சதவீதத்தில் வந்தால் உடனே 1000 மனிதர்களாக மாற்றிவிடுங்கள்.

ஒரு சோதனையின் சென்சிடிவிட்டி (நோய் உள்ளவரைக் கண்டுபிடிக்கும் திறன்) 90%, ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவரைச் சரியாக விடுவிக்கும் திறன்) 90%. கிராமத்து முகாமில் நோய் 2% பேருக்கு இருக்கிறது. 1000 பேரில் நோயாளிகள் 20. அவர்களில் சோதனை கண்டுபிடிப்பது 18, தவறவிடுவது 2. நோயில்லாத 980 பேரில் சரியாக விடுவிப்பது 882, வீணாகப் பயமுறுத்துவது 98. பாசிட்டிவ் என்று வந்தவர்கள் மொத்தம் 116 பேர். உண்மையில் நோய் உள்ளவர்கள் அதில் 18, ஏறத்தாழ 15.5%. அதே சோதனையை நோய் 20% இருக்கும் சிறப்புச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பாசிட்டிவ் 260, அதில் உண்மை 180. 69% ஆகிவிட்டது. சோதனைக் கருவி மாறவில்லை, வரிசையில் நின்றவர்கள்தான் மாறினார்கள். 'நோய்ப் பரவல் அதிகரித்தால் எது மாறும், எது மாறாது' என்ற கேள்வியை இதை ஒருமுறை கையால் போட்டவர் தவறவிட மாட்டார்.

இதே பழக்கம் விகிதங்களுக்கும் உதவும். தாய் இறப்பு விகிதம் என்றதும் மேலே இருப்பதைப் பார்க்காதீர்கள், கீழே இருப்பதைப் பாருங்கள். ரேஷியோ என்றால் கீழே ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகள். ரேட் என்றால் கருத்தரிக்கும் வயதுப் பெண்கள். கேஸ் ஃபேட்டாலிட்டி என்றால் கீழே அந்த நோய் வந்தவர்கள் மட்டும்.

சுகாதாரப் பொருளாதாரம்

பெயரைக் கேட்டே ஓடுகிறார்கள். தேர்வுக்குத் தேவையானது ஒரு பக்கம்கூட வராது. செலவையும் பயனையும் ஒப்பிடும் ஆய்வில் பயனை எதில் அளந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ரூபாயில் என்றால் காஸ்ட் பெனிஃபிட். தடுத்த இறப்பு, குறைந்த ரத்த அழுத்தம் போன்ற இயல்பான அலகில் என்றால் காஸ்ட் எஃபெக்டிவ்னஸ். குவாலியில் (வாழ்க்கைத் தரத்தையும் கணக்கில் எடுத்த ஆயுள் ஆண்டு) என்றால் காஸ்ட் யுடிலிட்டி.

கணக்கு ஒன்று: பழைய சிகிச்சைக்கு 20,000 ரூபாய், 4 குவாலி. புதியதற்கு 50,000 ரூபாய், 4.5 குவாலி. 50,000-ஐ 4.5-ஆல் வகுப்பவர்கள் இருக்கிறார்கள், விடைகளில் ஒன்றாக அதுவும் காத்திருக்கும். வகுக்க வேண்டியது கூடுதல் செலவைக் கூடுதல் பயனால்: 30,000-ஐ 0.5-ஆல், அதாவது ஒரு குவாலிக்கு 60,000. டாலி (அகால மரணத்தாலும் ஊனத்தாலும் இழந்த ஆண்டுகள்) இன்னும் எளிது. ஆயுள் எதிர்பார்ப்பு 70 என்று வைத்தால், 0.2 எடையுள்ள ஊனத்தோடு 10 ஆண்டு வாழ்ந்து 40 வயதில் இறந்தவருக்கு 2-உம் 30-உம் சேர்த்து 32. குவாலி கூட வேண்டும், டாலி குறைய வேண்டும்.

காப்பீட்டில் இரண்டு சொற்கள் குழப்பும். நோயாளிகளே தேடிவந்து சேர்வது அட்வர்ஸ் செலக்‌ஷன், சேர்ந்த பிறகு தேவைக்கு மேல் பயன்படுத்துவது மாரல் ஹசார்ட். சேர்வதற்கு முன்னா பின்னா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஒரு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்

தடுப்பூசிப் பகுதியை அறையில் உட்கார்ந்து படிப்பதை நான் ஆதரிப்பதில்லை. நம் மாநிலத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியரிடம் அனுமதி கேட்டு அருகில் நில்லுங்கள். குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பாருங்கள். லேபிளில் வெப்பம் பட்டதைக் காட்டும் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை பயன்படுத்தலாம். நிறம் ஒன்றாகிவிட்டாலோ, சதுரம் கறுத்துவிட்டாலோ தூக்கிப் போட வேண்டும். தடுப்பூசிக் குளிர்பெட்டியான ஐ.எல்.ஆர். மூடியைத் திறக்கும்போது எந்தக் குப்பி அடியில், எது மேல் கூடையில் என்று கவனியுங்கள். உறைந்தால் கெடும் பென்டாவேலன்ட்டும் டிடியும் அடியில் இருக்கவே கூடாது. பி.சி.ஜி.யையும் எம்.ஆரையும் கரைத்ததும் செவிலியர் குப்பியில் நேரம் எழுதுவார், நான்கு மணி நேரக் கெடு அது. பென்டாவேலன்ட் திறந்த பிறகும் 28 நாள்வரை தாங்கும், மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால். எந்த ஜெராக்ஸும் இதை இவ்வளவு விரைவாக மண்டையில் ஏற்றாது. அந்தச் செவிலியருக்குப் பெரும்பாலான ஹவுஸ் சர்ஜன்களைவிட அதிகம் தெரியும் என்பதையும் போகிறபோக்கில் கண்டுகொள்வீர்கள்.

மக்கள்தொகை அளவுகளை அங்கேயே கேட்டுவிடுங்கள்: துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் 30,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000, 20,000.

தேர்வு அறையில்

இப்போது முதுநிலை நீட்டில் 200 கேள்விகள் 40 வீதம் ஐந்து பகுதிகளாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 42 நிமிடம், முடிந்த பகுதிக்குத் திரும்பிப் போக முடியாது. 'கணக்கைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பழைய உத்தி அந்தப் பகுதிக்குள் மட்டும்தான் செல்லும். 1000 பேர் அட்டவணையை வீட்டில் கடிகாரம் வைத்து இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். சட்டக் கேள்வி நீளமாக இருந்தால் கடைசி வரியை முதலில் வாசித்துவிட்டு, பிறகு வயதையும் கையெழுத்தையும் தேடி மேலே போங்கள். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும். இரண்டு விடைகளுக்கு இடையில் நின்றால் குறிக்கலாம், நான்கும் ஒன்றாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே தகுதித் தேர்வான எஃப்.எம்.ஜி.இ. எழுதுபவர்களுக்குக் கடைசி அறிவுரை பொருந்தாது. அங்கே 300-க்கு 150 எடுக்க வேண்டும், தவறுக்கு மதிப்பெண் கழிவதில்லை. ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விட்டு எழாதீர்கள்.