ஆயில் எஞ்சினில் டீசல் பம்ப் கோளாறு: கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கொங்கு நாட்டுத் தோட்டங்களில், டீசலில் ஓடிக் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் ஆயில் எஞ்சின் என்பது இன்று மோட்டார் ரூம் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடக்கும் சொத்து. 1932-இல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு கோவைப் பக்கத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் எட்டியது. 1990-இல் விவசாய மின்சாரம் இலவசமானதும் எஞ்சினைப் பலர் மறந்தே போனார்கள். டிரான்ஸ்பார்மர் எரிந்து, வேறு வர நாளாகும் என்று தெரிந்த பிறகுதான் அதன் நினைவு வரும். மஞ்சள் வாடும் அவசரத்தில் சாக்கை விலக்கி ஹேண்டில் போட்டால், பிடிக்காது. உடனே 'டீசல் பம்ப் போய்விட்டது' என்று தீர்ப்பு வந்துவிடும்.

பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு தவறு. டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் இந்தப் பம்ப் மெதுவாகத் தேய்கிற பொருள். ஓடாமல் கிடந்ததால் மட்டும் ஒரே நாளில் சாவது அரிது. அதற்கு முன்னால் இருக்கும் டேங்கும் ஃபில்டரும், பின்னால் இருந்து சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும்தான் முதலில் காலை வாரும். ஆகவே டீசல் போகிற பாதையிலேயே நாமும் போவோம். பம்பைக் கழற்றுவது கடைசி வேலை.

இங்கே சொல்வது ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு: நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் வகையும், 650 சுற்றில் நிதானமாக ஓடும் பழைய பெரிய ஃபிளைவீல் (கனத்த சுழல் சக்கரம்) வகையும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் கம்ப்ரசர் எஞ்சினிலும், கடலில் போகும் பழைய விசைப்படகுகளின் எஞ்சினிலும் பம்பின் அடிப்படை இதுவே. ஆனால் அங்கே ஒரே உடலுக்குள் பல பிளஞ்சர்கள் (டீசலைத் தள்ளும் தண்டுகள்) இருக்கும். முதன்முதலாகக் கை வைப்பவர் அவற்றைத் தொட வேண்டாம்.

பம்புக்குள் நடப்பது

பேரல் என்ற உருளைக்குள் பிளஞ்சர் ஏறி இறங்குகிறது. கேம் என்ற மேடுள்ள சுழல் உறுப்பு அதை மேலே தள்ளும்போது, பக்கத்துத் துளை மூடிக்கொள்ள, அடைபட்ட டீசல், பம்பின் தலையில் ஒரு பக்கம் மட்டும் வழிவிடும் டெலிவரி வால்வைத் தூக்கிக்கொண்டு பிரஷர் பைப் வழியாக நாசிலுக்குப் போகிறது. நாசில் திறக்க 200 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். பிளஞ்சரின் உடலில் ஒரு சாய்வான வெட்டு உண்டு. ரேக் என்ற பக்கவாட்டுத் தண்டு பிளஞ்சரைத் திருப்பத் திருப்ப, அந்த வெட்டுதான் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஜோடியாகவே இழைத்திருப்பார்கள். ஒரு பம்பின் பிளஞ்சரை இன்னொரு பம்பின் பேரலில் போடவே கூடாது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை

நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். வலிகூட முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரலாம். அப்படி நடந்தால் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்து அழுத்தம் பார்க்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது எனக்குப் பிடிக்காத கெட்டிக்காரத்தனம். செய்யாதீர்கள்.

புகையைப் பாருங்கள்

ஹேண்டில் சுற்றும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. டீசல் வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, எரியவில்லை: தண்ணீர் கலந்திருக்கலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) குறைந்திருக்கலாம், டைமிங் (டீசல் பாயும் நேரம்) பிந்தியிருக்கலாம். ஓடும்போது கரும்புகை கக்கினால் நாசிலையும் ஏர் கிளீனரையும் சந்தேகப்படுங்கள். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

டேங்கும் ஃபில்டரும்

டேங்க் மூடியில் ஒரு சிறு காற்றுத்துளை இருக்கும். குளவி மண் வைத்து அடைத்துவிட்டால் எஞ்சின் சிறிது நேரம் ஓடிவிட்டு நிற்கும். மூடியைத் திறந்தால் மீண்டும் ஓடும். அப்படி ஓடினால் ஒரு கம்பியால் துளையைக் குத்திவிட்டு வேலையைப் பாருங்கள்.

நாள்பட்ட டீசலில் அடியில் தண்ணீர் தங்கும். டேங்கின் அடியில் இருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். இருந்தால் டேங்கை முழுதும் காலி செய்து, ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளஞ்சருக்கு உயவு டீசல்தான். தண்ணீர் போனால் துரு பிடித்து இறுகிக்கொள்ளும்.

ஏர் எடுப்பது

டேங்க் காலியானாலோ ஃபில்டரைக் கழற்றினாலோ பைப்பில் காற்றுப் புகும். காற்று அமுங்கிக் கொடுக்கும், டீசல் கொடுக்காது. அதனால் பைப்பில் காற்றுக் குமிழி இருந்தால் பிளஞ்சர் எத்தனை முறை தள்ளினாலும் நாசில் திறக்காது.

டேங்கிலிருந்து வரும் டீசலைத் திறந்து மூடும் டீசல் காக்கைத் திறந்து, ஃபில்டரின் மேல் உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். நுரை வந்து, பிறகு குமிழியில்லாத டீசல் வழியும்போது இறுக்குங்கள். அதையே பம்பின் ஏர் ஸ்க்ரூவிலும் செய்யுங்கள். பிறகு பிரஷர் பைப்பின் நட்டை நாசில் பக்கம் ஒரு சுற்றுத் தளர்த்தி, சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹேண்டிலைச் சுற்றுங்கள். நட்டின் ஓரத்தில் டீசல் விட்டுவிட்டுத் துள்ளும்போது இறுக்கிவிடுங்கள்.

இப்போது காதை நாசில் பக்கம் கொடுத்து மீண்டும் சுற்றுங்கள். ஃபிளைவீல் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 'கிறுக்' என்று நாசில் கத்த வேண்டும். கத்தினால் பம்ப் நலம் என்று பெரும்பாலும் நம்பலாம். இருந்தும் எஞ்சின் ஓடவில்லை என்றால் கம்ப்ரஷன், வால்வு இடைவெளி, நாசில் தெளிக்கும் விதம் ஆகியவற்றைப் பாருங்கள்.

ரேக்கை மறந்துவிடாதீர்கள்

சத்தமே இல்லையா? பம்பின் பக்கவாட்டில் இருக்கும் ரேக்கை விரலால் தள்ளி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும். நெடுநாள் ஓடாத எஞ்சினில் பிசின் பிடித்து, நிறுத்திய இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தமான டீசலை ஊற்றி ஊறவைத்து மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். சுத்தியலால் தட்டாதீர்கள்.

ரேக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டால் ஆபத்து வேறு வகை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு எஞ்சின் கட்டுப்படாமல் வெறிபிடித்து ஓடும், ஃபிளைவீல் சிதறலாம். அப்போது டீசல் காக்கை மூடிவிட்டு நிற்கும்வரை காத்திருக்க நேரமில்லை. காற்று போகும் வாயைத் தட்டையான பலகையால் அடையுங்கள். கையாலோ துணியாலோ வேண்டாம். அந்தப் பலகை ஸ்டார்ட் செய்யும் முன்பே எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

நாசிலா, பம்பா?

நன்றாக ஓடுகிற வேறொரு எஞ்சினிலிருந்து அதே வகை நாசிலை இரவல் வாங்கி வெளியிலேயே பைப்பில் மாட்டி, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்துச் சுற்றிப் பாருங்கள். புகைபோல் தெளித்தால் உங்கள் பம்ப் தப்பித்தது. பழைய நாசிலைச் சர்வீஸுக்குக் கொடுங்கள். இரவல் நாசிலும் கத்தவில்லை என்றால் பம்புக்கு வரலாம்.

பிரஷர் பைப்பைப் பம்பின் தலையிலிருந்து கழற்றி, டீசல் காக்கைத் திறந்துவைத்து, எதையும் சுற்றாமல் வாயைத் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். டீசல் தானாக ஊறி வழிந்தால் டெலிவரி வால்வு சரியாக உட்காரவில்லை. தூசியாக இருக்கலாம், தேய்வாக இருக்கலாம். ஃபிளைவீலைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிளஞ்சர் தேய்ந்ததற்கு அடையாளம் வேறு. காலையில் எப்படியோ பிடிக்கும் எஞ்சின், சூடேறி நிறுத்திய பிறகு பிடிக்காது; சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியில் நழுவிவிடும். அப்படி நழுவும் டீசல் எஞ்சின் ஆயிலில்தான் போய்ச் சேரும். டிப் ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் அந்த ஆயிலோடு எஞ்சினை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

கழற்றுவதென்றால்

முதலில் பம்பைச் சுற்றியுள்ள மண்ணையும் கிரீஸையும் டீசலில் கழுவுங்கள். பிறகு கவனிக்க வேண்டியது துணி. திருப்பூர் பனியன் வேஸ்ட் நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் உதவும், இந்த ஒரு வேலையைத் தவிர. அதன் பஞ்சு இழை ஒன்று டெலிவரி வால்வின் அடியில் சிக்கினால் போதும், முன்பு சொன்ன ஒழுகல் புதிதாகத் தொடங்கிவிடும். தூரிகையும் சுத்தமான டீசலும் மட்டும் பயன்படுத்துங்கள். கழற்றிய வாய்களை உடனே பிளாஸ்டிக் உறையால் கட்டிவிடுங்கள்.

பம்பின் அடியில் மெல்லிய ஷிம் தகடுகள் இருக்கும். எண்ணி, ஒரு கம்பியில் கோத்து மாட்டிவையுங்கள். டீசல் எப்போது பாய வேண்டும் என்ற டைமிங் அவற்றில்தான் இருக்கிறது: ஒன்று கூடினால் பிந்தும், ஒன்று குறைந்தால் முந்தும், முந்தினால் எஞ்சின் டக்டக்கென்று அடிக்கும்.

பம்பைத் திறக்காமல் அப்படியே பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள பம்ப் சர்வீஸ் கடைக்கு எடுத்துப் போங்கள். பிளஞ்சரும் பேரலும் ஜோடியாக மாற்றினார்களா என்று கேளுங்கள். பழைய ஜோடியைத் திருப்பி வாங்குங்கள். திரும்ப மாட்டும்போது செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும். ஆயிலை மாற்றி, மேலே சொன்னபடி ஏர் எடுத்து, சுமை இல்லாமல் சற்று நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள். அட்டை ஈரமானால் நிறுத்திவிட்டு இறுக்குங்கள். ஓடும்போது ஸ்பானர் போட வேண்டாம்.