மான் வேட்டைப் பருவம் முடிந்ததும் குடும்பமாக உட்கார்ந்து கணக்கெழுதுவது எப்படி

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியால் வெள்ளைவால் மான் வேட்டையாடும் பருவம் ஒன்பது நாள். நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி, அதற்குப் பிந்தைய ஞாயிறோடு முடியும். தாத்தா, அப்பா, அத்தை, பத்து வயதுப் பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே குடிலில் தங்கும் ஒன்பது நாள் அது. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் உரிமம் பெற்று வேட்டையாடும் விஸ்கான்சின் குடும்பங்களுக்கு.)

பருவம் முடிந்த ஒரு வாரத்துக்குள், யார் எங்கே உட்கார்ந்தார், என்ன பார்த்தார், என்ன சுட்டார் என்று கணக்கெழுத உட்காருங்கள். கிறிஸ்துமஸ் வரை தள்ளினால் அந்த ஒன்பது நாளும் இரண்டு மூன்று கதைகளாகச் சுருங்கிவிடும். விழுந்த மான் நினைவிருக்கும். ஒன்றுமே வராமல் குளிரில் கழித்த நான்கு மணி நேரம் யாருக்கும் நினைவிருக்காது. அடுத்த வருடம் எங்கே உட்கார வேண்டும் என்பதைச் சொல்வதோ அந்த வெறும் மணி நேரங்கள்தான்.

மேசையில் என்னென்ன வேண்டும்

நிலத்தின் வரைபடம் ஒன்று, பெரிய தாளில் அச்சிட்டது. கோடு போட்ட நோட்டு ஒன்று. மான் நடமாட்டத்தைப் படமெடுக்க மரங்களில் கட்டிய கேமராக்களிலிருந்து எடுத்த மெமரி கார்டுகள். எல்லோருடைய கைபேசிகளும் வேண்டும், ஏனென்றால் “இப்போ ஒண்ணு போச்சு” என்று பரணிலிருந்து அனுப்பிய குறுஞ்செய்திகளில் சரியான நேரம் பதிவாகியிருக்கும். மானை மாநில அரசிடம் பதிவு செய்தபோது கிடைத்த உறுதி எண்களையும் எடுத்து வையுங்கள். சுட்ட மானைக் கண்டெடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்திருப்பீர்கள் என்பதால், எந்த மான் எந்த நாள் என்ற சண்டை அங்கேயே தீரும்.

முதலில் பேச வேண்டியவர் வயதில் மிகச் சிறியவர். பெரியவர்கள் ஒரு முறை சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள். எத்தனை மான் பார்த்தாய், எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்போது கால் விரல் மரத்தது என்று நேரடியாகக் கேளுங்கள். கடைசிக் கேள்வியை லேசாக விடாதீர்கள். காலுறை நனைந்ததா, பூட்ஸ் இறுக்கமா, இல்லை நடந்து வந்த வியர்வையா என்று காரணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பூட்ஸ் இறுக்கமாக இருந்து இரண்டு ஜோடிக் காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து ஒரு ஜோடியைவிட வேகமாகக் குளிரும். குழந்தை அடுத்த வருடமும் ஆசையாக வருமா என்பது பெரும்பாலும் அதன் கால் விரல்களைப் பொறுத்தது.

ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு வரி

ஒருவர் ஒரு பரணில் ஒரு தடவை உட்கார்ந்தால் அது ஒரு அமர்வு. காலை ஒன்று, மாலை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: தேதி, யார், எந்தப் பரண், ஏறிய நேரம், இறங்கிய நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, பார்த்த ஆண், பெண், குட்டி எத்தனை, நேரம், வந்த திசை. ஒன்றும் வராவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். இடத்தைக் காலியாக விட்டால் மறந்துபோனதா, மான் வரவில்லையா என்று அடுத்த வருடம் தெரியாது.

வெப்பநிலையை யாரிடமும் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பழைய பதிவில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காற்று அப்படியல்ல. நிலையத்தில் வடமேற்குக் காற்று என்றிருக்கும், பள்ளத்தில் இருக்கும் உங்கள் பரணில் அது சுழன்று தெற்கிலிருந்து அடித்திருக்கும். அமைதியான காலையில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். காலையில் நன்றாக இருந்த பரண் மாலையில் கெடுவதற்கு இதுவே முதல் காரணம். மான் காலைத் தரையில் உதைத்துச் சீறிவிட்டு ஓடியிருந்தால் அந்த வரிக்கு நேரே ஒரு நட்சத்திரம் போடுங்கள். ஒரே பரணில் மூன்று நட்சத்திரம் விழுந்தால், பரணை விட அங்கே நடந்து போகும் பாதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பரணுக்கும் மொத்த மணி நேரத்தைக் கூட்டி, பார்த்த மான்களை அதால் வகுங்கள். உதாரணத்துக்கு, ஓடைப் பரணில் 24 மணி நேரத்தில் 6 மான் என்றால் மணிக்கு 0.25. பைன் மரப் பரணில் 8 மணி நேரத்தில் 5 மான் என்றால் மணிக்கு 0.6க்கும் மேல். பெரிய கொம்புள்ள மான் விழுந்தது ஓடைப் பரணில் என்பதால் எல்லோரும் அதையே நல்ல இடம் என்பார்கள். எல்லோரும் அங்கேயே போய் உட்கார்ந்ததால்தான் அங்கே விழுந்திருக்கும். இந்த ஒரு வகுத்தலைச் செய்யாமல் எந்தப் பரணையும் இடம் மாற்றாதீர்கள்.

போன வருடத்தோடு ஒப்பிடும்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கும். ஒன்று நாள்காட்டி. பருவத்தின் முதல் நாள் நவம்பர் 17 முதல் 23 வரை எந்தத் தேதியிலும் வரலாம். 2023இல் நவம்பர் 18, 2024இல் நவம்பர் 23. இணை சேரும் காலம் நவம்பர் முற்பாதியில் உச்சத்தில் இருந்து பிறகு தணிகிறது, அது நம் விடுமுறைக்காக நகர்வதில்லை. ஆகவே சீக்கிரம் தொடங்கும் வருடத்தில் ஆண் மான்கள் பகலிலும் அலையும், தாமதமாகத் தொடங்கும் வருடத்தில் பதுங்கும். “போன வருஷம் முதல் நாளே பார்த்தோமே” என்பதை வைத்து மான் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்று கேமராவின் கடிகாரம். நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். மரத்தில் கட்டிய கேமராக்கள் பலவற்றில் அது தானாக மாறாது. படத்தில் காலை 8 என்றால் உண்மையில் 7. மான் விடியலில் வந்ததா, விடிந்து வெகு நேரம் கழித்தா என்ற முடிவே மாறிவிடும். கார்டை எடுக்கும்போது உங்கள் கைக்கடிகாரத்தைக் கேமரா முன் காட்டி ஒரு படம் எடுத்துக்கொண்டால், எவ்வளவு பிசகு என்று அந்தப் படமே சொல்லும்.

சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு

தவறிய குண்டையும், அடிபட்டுக் கிடைக்காமல் போன மானையும் சேர்த்து எழுத வேண்டும். இந்தப் பகுதியைக் கூட்டமாக உட்கார்ந்து பேசாதீர்கள். சுட்டவரும் ஒரு பெரியவரும் மட்டும் தனியே உட்கார்ந்தால் உண்மை வரும். பத்துப் பேர் முன்னால் கேட்டால் மறைக்கத் தோன்றும், சிறுவர்களுக்கு அது நெடுநாள் வலிக்கும்.

தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எழுத வேண்டாம். பரணில் ஏறி, மான் நின்ற இடத்துக்குத் தூரமானியால் அளந்து எழுதுங்கள். மான் பக்கவாட்டில் நின்றதா, சாய்ந்து நின்றதா, நடந்ததா, ரைஃபிளை எதன்மேல் தாங்கிச் சுட்டார், குறி வைத்தது எங்கே, தோலுரிக்கும்போது காயம் இருந்தது எங்கே, எத்தனை கெஜம் ஓடியது, தேடப் போகுமுன் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று எழுதுங்கள். ரத்தத்தின் நிறம் கண்டிப்பாக வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரை மணி நேரம் காத்தால் போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், குறைந்தது நான்கு மணி நேரம். பச்சை கலந்து நாற்றம் வந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். கிடைக்காமல் போன மான்களில் பல, அவசரப்பட்டு எழுப்பி விரட்டப்பட்டவை. நோட்டில் “20 நிமிடத்தில் போனோம்” என்று ஒரு வரி இருந்தால், அடுத்த வருடம் யாரும் வாதாட மாட்டார்கள்.

ரைஃபிளைத் துடைக்கும் முன் அதன் குறியைச் சரிபாருங்கள். வரிசை முக்கியம். எண்ணெய் பூசிய சுத்தமான குழாயில் முதல் குண்டு வேறு இடத்தில் போகக்கூடும், அதனால் துடைத்த பிறகு சோதித்தால் பருவத்தில் நடந்தது தெரியாது. பருவத்தில் பயன்படுத்திய அதே வகைத் தோட்டா மூன்றை 100 கெஜத்தில், மணல் மூட்டைமேல் தாங்கிச் சுடுங்கள். மூன்றும் ஒரே இடத்தில் கூடி, ஆனால் மையத்திலிருந்து நான்கு அங்குலம் தள்ளியிருந்தால், குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் எங்கோ இடிபட்டிருக்கிறது. சிதறினால் ஸ்கோப்பைப் பிடிக்கும் திருகுகளைப் பாருங்கள். மூன்றும் சரியாக விழுந்தால் பிழை சுட்டவரின் விசைவிரலில், அல்லது வழியில் இருந்த சுள்ளியில். அதன் பிறகு பின்பக்கத்திலிருந்து கம்பியை விட்டுக் குழாயைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டி வையுங்கள். குளிரிலிருந்து வந்த துப்பாக்கியை உறைக்குள்ளேயே வைத்து அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் பூத்துத் துருப்பிடிக்கும்.

தாடையும் இறைச்சியும்

ஒவ்வொரு மானின் கீழ்த்தாடையையும் பார்த்து வயதை எழுதுங்கள். கொம்பை வைத்து வயது சொல்ல முடியாது. ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் ஆறும் முளைக்காமல் நாலைந்தே இருந்தால் அந்த வருடக் குட்டி. முன்னிருந்து மூன்றாவது பல் மூன்று முகட்டோடு தேய்ந்திருந்தாலோ, அப்போதுதான் விழுந்து புதுப் பல் எட்டிப் பார்த்தாலோ ஒன்றரை வயது. அதே இடத்தில் இரண்டு முகட்டுப் பல் வந்துவிட்டால் இரண்டரை அல்லது அதற்கு மேல். அடுத்துள்ள நான்காவது பல்லில் பழுப்புப் பகுதி வெள்ளைப் பகுதியைவிட அகலமாகிவிட்டால் மூன்றரை. அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துச் சொல்வது ஊகம், “3½+” என்று எழுதி நிறுத்துங்கள். தாடையைத் தூக்கிப் போடாமல் தேதி எழுதிப் படம் எடுத்து வைத்தால் சிறுவர்கள் அதைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள்.

குடல் நீக்கிய எடை உயிரோடிருந்த எடையில் ஏறக்குறைய 78 விழுக்காடு. எலும்பில்லாக் கறி, குடல் நீக்கிய எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தால் நன்றாக வெட்டியிருக்கிறீர்கள். குடல் நீக்கி 120 பவுண்டு இருந்த மானில் 55 பவுண்டு வரவேண்டியது 40தான் வந்தது என்றால், குண்டு முன்சப்பையில் பட்டிருக்கும், அல்லது அதிக நாள் தொங்கவிட்டு மேல் சதை காய்ந்து வெட்டி எறிந்திருப்பீர்கள்.

மானை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய் விஸ்கான்சினில் முதலில் உறுதியானது 2002இல். பிரியான் என்ற புரதத்தால் வருவது, எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பலருடைய கறியை ஒன்றாகக் கலந்து கொத்துக்கறி அரைக்கும் குடும்பங்களுக்கு இதுதான் சிக்கல். ஒரு மான் நோயுள்ளது என்று பரிசோதனை முடிவு வந்தால் மொத்தத்தையும் எறிய வேண்டியிருக்கும். ஒவ்வொரு மானுக்கும் ஓர் எழுத்து கொடுத்து, பொட்டலம் ஒவ்வொன்றிலும் அந்த எழுத்து, கறியின் பாகம், தேதி மூன்றையும் எழுதுங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை எதையும் திறக்காதீர்கள், உறவினருக்கும் கொடுத்தனுப்பாதீர்கள்.

ஈயக் குண்டு பயன்படுத்தியிருந்தால் நோட்டில் குறித்து, அந்தப் பொட்டலங்களைச் சிறு குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் சமைக்காதீர்கள். குண்டு உடைந்து தெறிக்கும் துகள்கள் காயத்திலிருந்து ஓர் அடிக்கும் அப்பால் போயிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கிறது. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அடுத்த பருவத்துக்குச் செம்புக் குண்டுக்கு மாறுவதே நல்ல முடிவு, அதற்கேற்பக் குறியையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்.

ஃப்ரீசரைத் திறந்து போன வருடம் மீந்தது எவ்வளவு என்றும் எண்ணுங்கள். முதுகுச்சதை பிப்ரவரியிலேயே தீர்ந்து, தொடைக்கறி கட்டிகள் அப்படியே கிடந்தால், இந்த முறை தொடையில் பாதியைக் கொத்துக்கறியாக்கச் சொல்கிறது உங்கள் அடுப்படி. பன்றிக் கொழுப்பு கலந்து அரைத்ததை முதலில் தீருங்கள், கொழுப்புதான் முதலில் சிக்கடிக்கும். அடுத்த வருடம் பெண் மான்களுக்கு எத்தனை அனுமதிச் சீட்டு வாங்குவது என்பதை இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள். சாப்பிட்டுத் தீர்க்க முடியாததைச் சுடக் கூடாது.

பனி இருக்கும்போதே ஒரு நடை

பரண்களின் வார்ப்பட்டைகளைக் கழற்றி உள்ளே கொண்டுவாருங்கள். வெயிலும் அணிலும் அவற்றைத் தின்னும், வெளுத்தோ கடிபட்டோ இருந்தால் தைக்க வேண்டாம், புதிது வாங்குங்கள். உடம்பில் கட்டும் ஹார்னஸில் தயாரித்த தேதி இருக்கும். தயாரிப்பாளர் குறித்த ஆயுள் பெரும்பாலும் ஐந்து வருடம். ஒரு முறை விழுந்தவரைத் தாங்கியிருந்தால் அன்றோடு அது முடிந்தது. யாராவது ஏறும்போதோ இறங்கும்போதோ கால் வழுக்கியிருந்தால், அடி படாவிட்டாலும் எந்தப் பரண், எந்தப் படி என்று எழுதுங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள், புல் தளிர்க்கும் முன், எல்லோரும் சேர்ந்து நிலத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். கொம்பு உரசி உரிந்த மரங்கள், பனியில் படுத்த குழிகள், தேய்ந்த தடங்கள் அப்போது தெரிவதுபோல் எப்போதும் தெரியாது. இப்போது கலைத்தாலும் நவம்பருக்குள் மான் மறந்துவிடும். உதிர்ந்த கொம்பு தேடும் சாக்கில் குழந்தைகளும் ஆர்வமாக வருவார்கள். கண்டதை அதே வரைபடத்தில் வேறு நிறத்தில் குறியுங்கள். உரசிய மரத்துக்கும் உங்கள் பரணுக்கும் இடையே எந்தக் காற்றில் மணம் போகும் என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பட்டியல்: முதல் நாள் காலை மேற்கு அல்லது வடமேற்குக் காற்றானால் யார் எந்தப் பரண், தெற்கு அல்லது கிழக்குக் காற்றானால் யார் எந்தப் பரண். வயதானவருக்கு ஏணி ஏறத் தேவையில்லாத இடம் இரண்டு பட்டியலிலும் இருக்க வேண்டும், புதிதாகக் கற்கும் சிறுவருக்குப் பக்கத்திலேயே கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, நோட்டை, வேட்டையின்போது போடும் ஆரஞ்சு உடுப்புகள் இருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். நவம்பரில் யாரும் தேடாமலே கையில் கிடைக்கும்.