மயங்கிய டைவருக்கு ஆக்சிஜன்: படகில் நடக்கும் தவறுகள்

மயங்கிய டைவரை (சிலிண்டரோடு கடலுக்கடியில் நீந்துபவரை) தண்ணீரிலிருந்து தூக்கிப் படகில் கிடத்தியதும் ஒருவர் ஓடிப்போய் ஆக்சிஜன் பெட்டியைத் திறப்பார். மற்றவர்கள் கண்ணெல்லாம் அந்தப் பெட்டியின் மேலேயே இருக்கும். சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்து வாயுவை விடும் ரெகுலேட்டரை மாட்டி, குழாயைச் செருகி, சரியான மாஸ்க்கைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிடும். மூச்சில்லாத டைவர் அதுவரை மூச்சில்லாமலே கிடப்பார். தவறுகளில் பெரியது இதுதான். ஆக்சிஜன் தானாக நுரையீரலுக்குள் போகாது. மூச்சு இருந்தால் அது இழுக்கும், இல்லையென்றால் யாராவது ஊத வேண்டும்.

நாம் வெளிவிடும் காற்றில் சுமார் 16 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. தொடங்குவதற்கு அது போதும். தாடையைத் தூக்கி மூச்சுப்பாதையைத் திறந்து உடனே ஊதுங்கள். நீரில் மூழ்கியவரின் இதயம் பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துதான் நிற்கிறது. அதனால் நெஞ்சை மட்டும் அழுத்தும் சிபிஆர் (நின்ற இதயத்துக்கான முதலுதவி) இங்கே பாதி வேலைதான். ஐரோப்பிய முறையில் பயின்றவர்கள் முதலில் 5 மூச்சு, அமெரிக்க முறையில் பயின்றவர்கள் 2 மூச்சு கொடுப்பார்கள். எது சரி என்று படகில் விவாதிக்க வேண்டாம், பயின்றதைச் செய்யுங்கள். பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஆக்சிஜன் பெட்டியை இரண்டாவது ஆள் பார்த்துக்கொள்ளட்டும். இருப்பது ஒருவர்தான் என்றால் பெட்டி காத்திருக்கலாம்.

அடுத்தது, மூச்சு இருக்கிறதா என்பதில் ஏமாறுவது. இதயம் நின்ற பிறகும் சிலர் வாயைத் திறந்து, விட்டுவிட்டு ஏங்குவார்கள். அது மூச்சல்ல. 'மூச்சு வருகிறது, மாஸ்க் போட்டால் போதும்' என்று விட்டால் ஆள் கைநழுவிப் போவார். தடித்த வெட்சூட் (டைவரின் ரப்பர் உடை) நெஞ்சின் அசைவையும் மறைக்கும், ஆகவே ஜிப்பை இறக்கிவிட்டுப் பாருங்கள். 10 வினாடிக்கு மேல் பார்க்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மூச்சு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாஸ்க் யாருக்கு என்பதில்தான் குழப்பம் அதிகம். டிமாண்ட் வால்வு, ஆள் உள்ளிழுத்தால் மட்டுமே திறக்கும். மூச்சில்லாதவர் முகத்தில் அதை வைத்தால் ஒரு சொட்டு வாயுவும் வராது. சேமிப்புப் பை தொங்கும் நான்-ரீப்ரீதர் மாஸ்க், மயங்கியிருந்தாலும் தானாக மூச்சுவிடுபவருக்கு. மூச்சில்லாதவருக்கு அதைப் போட்டால், முகத்தை பிளாஸ்டிக்கால் மூடியதோடு சரி. மூச்சில்லாதவருக்கு உரியது வாயால் ஊதுவதற்கான, ஆக்சிஜன் நுழைவாய் உள்ள பாக்கெட் மாஸ்க், அல்லது பயிற்சி பெற்றவர் கையில் அம்பு பை (Ambu bag, கையால் பிழிந்து காற்றைச் செலுத்தும் பை). பாக்கெட் மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டு நீங்கள் ஊதினால் 50 சதவீதம் அளவுக்கு ஆக்சிஜன் போய்ச் சேரும்.

நான்-ரீப்ரீதரில் வழக்கமாக நடப்பது: பை சப்பையாக இருக்கும்போதே முகத்தில் மாட்டிவிடுவார்கள். முதலில் 15 லிட்டருக்குத் திருப்பி, மாஸ்க்கின் உள்ளே இருக்கும் வால்வை விரலால் அடைத்து, பை உப்பிய பிறகே மாட்ட வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் பை சற்றுச் சுருங்கி மீண்டும் நிறைய வேண்டும். முழுவதும் ஒட்டிப்போனால் ஓட்டம் குறைவு, அல்லது குழாயை யாரோ மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். சுருங்கவே இல்லையென்றால் மாஸ்க் ஓரத்தில் காற்று கசிகிறது, அல்லது அவர் மூச்சே விடவில்லை. இரண்டில் எது என்பதை உடனே பாருங்கள்.

அம்பு பையை ஒருவரே கையாள்வது பார்ப்பதற்குத்தான் சுலபம். ஒரு கையால் மாஸ்க்கை அழுத்தி மறு கையால் பையைப் பிழியும்போது, ஈரமான முகத்தில் பாதிக் காற்று வெளியே போய்விடும். ஒருவர் இரு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் பிழிய வேண்டும். முழுப் பையையும் பிழியாதீர்கள். நெஞ்சு லேசாக எழும் அளவு, ஒரு வினாடி, அவ்வளவே. கூடுதலாகப் போவது வயிற்றுக்குள் போய் வாந்தியாகத் திரும்பி வரும்.

வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும். துடைத்துத் தீராது, அதன் மேலேயே ஊதுங்கள். வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பது பழைய பழக்கம், அதைக் கைவிடுங்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் புரட்டி, வாயைச் சுத்தம் செய்து, மீண்டும் மல்லாத்துங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்தே படுக்க வைக்கலாம். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தும் பழைய முறை வேண்டாம், மூளை வீக்கத்தை அது மோசமாக்கலாம்.

சிக்கனம் பார்ப்பதும் தவறு. 2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் இருந்தால் 400 லிட்டர் வாயு. 15 லிட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 27 நிமிடம்தான் வரும். கரை ஒரு மணி நேரத் தொலைவு என்பதால் 4 லிட்டருக்குக் குறைத்து இழுப்பார்கள். அந்த ஓட்டத்தில் நான்-ரீப்ரீதர் பை நிறையாது. அழுத்தக் குறைவு நோயில் (ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் நைட்ரஜன் குமிழ்கள் உண்டாகும் நோய்) ரத்தத்திலும் திசுவிலும் உள்ள நைட்ரஜனை வெளியேற்றுவது செறிவான ஆக்சிஜன்தான். இருக்கும்வரை முழு அளவில் கொடுங்கள். படகு கரையை எட்டும் நேரத்துக்குக் கணக்குப் போட்டு சிலிண்டர் எடுத்துச் செல்வதுதான் சிக்கனத்துக்கு மாற்று.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல்நுனி ஆக்சிமீட்டரில் 98 சதவீதம் என்று காட்டியதும் மாஸ்க்கைக் கழற்றுபவர்களும் உண்டு. அந்த எண் நைட்ரஜன் குமிழ்களைப் பற்றி எதுவும் சொல்லாது. குளிர்ந்த விரலில் அது தப்பாகவும் காட்டும். கண் விழித்துப் பேசினாலும் மருத்துவர் சொல்லும்வரை தொடருங்கள்.

சன்ஸ்கிரீன் பூசிய கை, இன்ஜின் எண்ணெய் படிந்த துணி, சிகரெட் எதுவும் சிலிண்டர் அருகே வரக்கூடாது. வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் அழுத்தமும் சூடும் ஒன்றாக ஏறித் தீப்பிடிக்கலாம். டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) அதிர்ச்சி கொடுக்கும் நேரத்தில் மாஸ்க்கை நெஞ்சிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி வையுங்கள். நெஞ்சின் ஈரத்தைத் துடைத்த பிறகே அந்தக் கருவியின் பட்டையை ஒட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், படகு கிளம்பும் முன் ஒரு நிமிடம்: அழுத்தமானியைப் பாருங்கள், ரெகுலேட்டருக்கும் வால்வுக்கும் இடையில் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வுச் சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். பெட்டியின் அடியில் போட்டால் அவசரத்தில் அகப்படாது.