உங்கள் பகுதியின் வெள்ள, வெப்ப ஆபத்தை நிலத்தைப் படித்து அறிவது எப்படி?

பெருநகரில் வீடு வாங்குபவர்கள் சுவரையும் தளத்தையும் தட்டிப் பார்க்கிறார்கள்; அந்த வீடு நிற்கும் நிலம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என்னவாக இருந்தது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஒரே மழையில் ஒரு தெரு மூழ்கி அடுத்த தெரு தப்புவதற்கு, வானத்தைவிட நிலம் பயன்படுத்தப்பட்ட விதமே பெரும்பாலும் காரணம். அதை அறியச் சில மாலைப்பொழுதுகளும் ஓர் இணைய இணைப்பும் போதும்.

முதலில் பழைய படங்களைத் தேடுங்கள். 1972 முதல் புவியைப் படமெடுத்து வரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் தொகுப்பு 2008 முதல் இலவசமாகக் கிடைக்கிறது; அதில் 1980-களுக்குப் பிந்தைய படங்கள் ஓரளவு தெளிவானவை. ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒரு படம் என எடுத்து, மழைக்காலம் முடிந்த அதே மாதத்துப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். நீர்நிலை சுருங்கிய இடம், ஆற்றின் வளைவு நேராக்கப்பட்ட இடம், சதுப்பு மேடாக்கப்பட்ட இடம் ஆகியவற்றை இன்றைய வரைபடத்தில் குறியுங்கள். தெருப் பெயர்களையும் கவனியுங்கள். லண்டனின் ஃப்ளீட் தெரு, இன்று நிலத்தடியில் ஓடும் ஃப்ளீட் ஆற்றின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அடுத்தது உயரம். இலவச உயரத் தரவுகளில் பலவற்றுக்கு 2000-ஆம் ஆண்டு விண்கலத்திலிருந்து எடுக்கப்பட்ட ராடார் அளவீடே அடிப்படை. அது கூரையையும் மரத்தின் உச்சியையும் தரையாக எண்ணிவிடக்கூடும் என்பதால், அதில் தெரியும் ஓரிரு மீட்டர் வேறுபாட்டை நம்ப வேண்டாம். மழை விட்டதும் தெருவில் இறங்கி, நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, பழைய சுவர்களில் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பது அதைவிட நம்பகமானது. ஓடும் வெள்ளத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

மூன்றாவது வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இப்போதைய படத்தின் மேல் சம அளவுக் கட்டங்கள் வரைந்து, எத்தனை கட்டங்கள் சிமென்டாலும் தாராலும் கூரையாலும் மூடப்பட்டுள்ளன என்று எண்ணுங்கள். ஒரு ஹெக்டேரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் பத்து லட்சம் லிட்டர். நிலம் புல்வெளியாக இருந்தால், மண்ணையும் சரிவையும் பொறுத்துப் பொதுவாக அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழிந்தோடுவதில்லை. முழுவதும் மூடப்பட்டிருந்தால் ஒன்பது லட்சம் லிட்டருக்கு மேலும் ஓடலாம். இந்தக் கணக்கை உங்கள் தெருவோடு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. உங்களை நோக்கி நீரை அனுப்பும் மேட்டுப் பகுதி முழுவதையும் எண்ணுங்கள். அங்கே எழும் புதிய குடியிருப்பின் நீர் உங்கள் வாசலுக்குத்தான் வந்து சேரும்.

இதன் மேல் காலநிலை மாற்றத்தையும் ஏற்றிப் பார்க்க வேண்டும். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு கூடுகிறது, அதனால் ஒரே மழையில் கொட்டும் நீரும் கூடக்கூடும்; வடிகால்களோ பழைய மழைப் பதிவுகளைக் கொண்டு அளவிடப்பட்டவை. ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லும் மக்களை ஏமாற்றுகிறது. ஆண்டுதோறும் 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம் என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

வெப்பத்தை அளக்க இரவே சரியான நேரம், ஏனெனில் பகலில் வாங்கிய சூட்டைக் கட்டடங்கள் அப்போதுதான் வெளிவிடுகின்றன. ஒரே இரவில், ஒரே உயரத்தில், பூங்காவின் ஓரத்திலும் நெரிசலான தெருவிலும் வெப்பமானியை வைத்துக் குறியுங்கள். தனியே வாழும் முதியவர்களின் வீடுகள் சூடான பகுதியில் இருந்தால் அதையும் வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1995 ஜூலையில் சிகாகோவின் வெப்ப அலையில் இறந்த 700-க்கும் மேற்பட்டவர்களில் அத்தகையவர்களே அதிகம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம், மலைச்சரிவிலிருந்து இரவில் இறங்கும் குளிர்காற்றின் பாதைகளில் கட்டடம் எழுவதைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பகுதியிலும் காற்றின் வழியைக் கண்டு குறியுங்கள்.

நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சும் இடங்களில் தரையே அமிழக்கூடும். ஜகார்த்தா இதற்குத் துயரமான சான்று. நீர் எடுப்பைக் கட்டுப்படுத்தி அமிழ்வைப் பெருமளவு தணித்தது டோக்கியோ.

இறுதியாக, உங்கள் வரைபடத்தை நகரின் நிலப்பயன்பாட்டுத் திட்டத்தோடு பொருத்துங்கள். நீர் தேங்கும் நிலம் குடியிருப்பாக வகை மாற்றப்படவிருந்தால், பொதுமக்கள் கருத்துக் கேட்பு முடிவதற்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். பொதுவாகக் கண்டிப்பதைவிட, இந்த மாற்றத்தால் எத்தனை லிட்டர் நீர் கூடுதலாக ஓடும், அதை எங்கே தேக்குவீர்கள் என்று எண்ணோடு கேட்பதற்கு வலு அதிகம். 2011 ஜூலை 2 அன்று மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 150 மில்லிமீட்டர் மழையைக் கண்ட டென்மார்க்கின் கோபன்ஹேகன், மறு ஆண்டே பூங்காக்களிலும் சதுக்கங்களிலும் வெள்ளத்தைத் தேக்கும் திட்டத்தை வகுத்தது. மாற்று வழி உண்டு என்பதற்கு அதைச் சுட்டுங்கள். தேதியிட்ட படங்களை இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.